யூரோஸ்டாட் கல்விச் செலவு அட்டவணை: எச்.எஸ்.சி. மாணவர்களுக்கு எவ்வளவு உதவும்?

இரண்டு ஐரோப்பிய நாடுகளின் கல்விச் செலவை ஒப்பிட்டு எழுத வேண்டிய மொரிசியஸ் எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் தரவுத்தளத்தைத்தான். பணம் கட்ட வேண்டாம், பதிவும் வேண்டாம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பார்க்கலாம். எண்களை நம்பி எடுக்கலாம். ஆனால் தப்பான பெட்டியில் டிக் போட்டால் அது எச்சரிக்காது. கேட்டதை அப்படியே தந்துவிடும்.

பொது நிதிப் பிரிவில், அரசுச் செலவைப் பணிவாரியாகக் காட்டும் அட்டவணையைத் திறவுங்கள். பணி 09, அதாவது கல்வி. செலவு வகையில் மொத்தச் செலவு. அலகில் ஜி.டி.பி. (மொத்த உள்நாட்டு உற்பத்தி) விழுக்காடு. அடுத்து வரும் ‘துறை’யில்தான் பலர் வழுக்குகிறார்கள். அங்கே எஸ்.13, அதாவது அரசு முழுவதும், இருக்க வேண்டும். எஸ்.1311 என்பது மத்திய அரசு மட்டும். ஜெர்மனியில் பள்ளிக்கூடம் 16 மாநிலங்களின் பொறுப்பு, ஆசிரியர் சம்பளமும் மாநில பட்ஜெட்டிலிருந்துதான் போகிறது. பிரான்ஸில் அந்தச் சம்பளத்தை மத்திய அரசே தருகிறது. எஸ்.1311ஐ எடுத்தால் ஜெர்மனி கல்விக்கு எதுவுமே செய்யாத நாடு மாதிரி தெரியும்.

சரியாக எடுத்தால், அண்மை ஆண்டுகளில் பிரான்ஸ் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலே கீழே, ஜெர்மனி 4.5ஐ ஒட்டி. இத்தோடு ‘பிரான்ஸ் பிள்ளைகளுக்கு அதிகம் செய்கிறது’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். பிரெஞ்சு அரசு தன் ஊழியரின் அடிப்படைச் சம்பளம் ஒவ்வொரு 100 யூரோவுக்கும் ஓய்வூதியப் பங்காக 74.28 யூரோ கட்டிவந்தது. 2025இல் அது 78.28 ஆனது. அரசுப் பணி ஆசிரியர்களுக்கான இந்தப் பங்கு கல்விச் செலவில் சேர்கிறது. ஜெர்மனியின் அரசுப்பணி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் பெரும்பாலும் பின்னாளில் பட்ஜெட்டிலிருந்து நேராகத் தரப்படுவது. கணக்கில் ஒரு மதிப்பீட்டுத் தொகை மட்டும் ஏறும். ஆக, இடைவெளியில் ஒரு பகுதி வகுப்பறைக்குள் போகாத பணம். செலவு வகையை ‘ஊழியர் ஊதியம்’ என்று மாற்றி இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், பிரான்ஸின் தொகை எங்கே குவிகிறது என்று புரியும்.

வேறு வித்தியாசங்களும் உண்டு. பிரான்ஸில் 2019 முதல் 3 வயதிலேயே பள்ளி கட்டாயம். சின்னக் குழந்தைகளின் பகல்நேரக் காப்பகச் செலவு 09இல் வராது, குடும்பநலம் உள்ள 10இல் போய்விடும். ஜெர்மனியில் தொழில் பழகும் இளைஞருக்கு நிறுவனங்கள் தரும் சம்பளம் அரசுச் செலவே அல்ல. நம் ஊரில் 2005 முதல் ஓடும் மாணவர் இலவசப் பேருந்து போன்ற செலவுக்கு 09இலேயே துணைச் சேவை என்று தனி வரி இருக்கிறது. பெற்றோர் டியூஷனுக்குக் கட்டுவதற்கு எந்த வரியும் இல்லை.

அயர்லாந்தை மட்டும் ஜி.டி.பி. விழுக்காட்டில் ஒப்பிடவே கூடாது. பன்னாட்டு நிறுவனங்களின் கணக்குகள் அங்கே வந்து விழுந்ததில் 2015இல் அதன் ஜி.டி.பி. ஒரே ஆண்டில் ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்தது. அதனால் கல்வி விழுக்காடு பட்டியலின் அடியில் கிடக்கிறது. அலகை ‘மொத்த அரசுச் செலவில் பங்கு’ என்று மாற்றினால் அதே நாடு ஒன்றியச் சராசரிக்கு மேலே வந்து நிற்கும்.

இங்கிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரிய குறை பிரிட்டன். 2020இல் ஒன்றியத்தை விட்டுப் போனதால் புதிய எண்கள் இதில் இல்லை. பிரிட்டனும் பிரான்ஸும்தான் தலைப்பு என்றால், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. ஆண்டுதோறும் வெளியிடும் கல்வி அறிக்கைக்குப் போங்கள். ஒரு மாணவருக்கு எவ்வளவு என்ற கணக்கும் அங்கே தெளிவு. பிரான்ஸ் தொடக்கப் பள்ளியில் குறைவாகவும் லீசேயில் (மேல்நிலைப் பள்ளியில்) தாராளமாகவும் செலவழிப்பது அதில்தான் பளிச்சென்று தெரியும். இரண்டு மூலங்களின் எண்களை மட்டும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள்.

தரவிறக்கும்போது எக்ஸெல் கோப்பாகவே எடுங்கள். பிரெஞ்சு அமைப்பில் உள்ள கணினியில் காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி. கோப்பைத் திறந்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் அடைந்துகொள்ளும், புள்ளி வைத்த எண்கள் எழுத்தாகிக் கூட்டவும் வராது. எண்ணை ஒட்டி b அல்லது p என்ற ஆங்கில எழுத்து நிற்கலாம்: b (‘பிரேக்’) என்றால் கணக்குமுறை அந்த ஆண்டில் மாறியிருக்கிறது, p (‘புரொவிஷனல்’) என்றால் தற்காலிக எண். கணக்குமுறை மாறிய ஆண்டைத் தாண்டி வளர்ச்சி விகிதம் போடாதீர்கள்.