பகடையா, சீட்டுக்கட்டா? ஒரு சோலோ ஆர்பிஜி எழுதிப் பார்த்த கதை

ஒரே ஆள் உட்கார்ந்து விளையாடும் சின்ன ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதையை நடத்திப் போகும் ஆட்டம்) ஒன்றை எழுதி, இப்படிப்பட்ட ஆட்டங்களைப் பகிரும் தளமான இட்ச் டாட் ஐஓவில் போட்டு நாலு மாதம் ஆகிறது. ஒரு டூரிங் கொட்டகையின் கடைசி சீசன், நீங்கள்தான் ஆப்பரேட்டர், ஒவ்வொரு இரவும் ஒரு ப்ராம்ப்ட், அதாவது எழுதத் தூண்டும் ஒரு குறிப்பு வரும், அன்று நடந்ததை நோட்டில் ஐந்தாறு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். முதலில் இருபது முகப் பகடைக்கு எழுதினேன். அப்புறம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு சீட்டுக்கட்டுக்கு மாற்றினேன். நான் இப்போது சீட்டுக்கட்டு கட்சி, அதை மறைத்துவிட்டு நடுநிலை வேஷம் போட மனமில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சீட்டுக்கட்டு எங்கேயும் கிடைக்கும். ஆறு முகப் பகடை லூடோ டப்பாவில் இருக்கும். பத்து முகம், இருபது முகம் என்றால் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். போனில் பகடை உருட்ட ஆப் இருக்கிறதே என்பார்கள். போனைத் தூர வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எழுதத்தான் இந்த ஆட்டமே, அதில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைக் கையில் எடுத்தால் கடைசியில் வாட்ஸ்அப்தான் ஜெயிக்கும். சீட்டுக்கட்டுக்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும்: நம் வீடுகளில் அதற்கு நல்ல பெயர் கிடையாது. நான் சாப்பாட்டு மேஜையில் சீட்டைப் பரப்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வெச்சு ஆடுற?"

சரி, முக்கியமான விஷயம். பகடைக்கு ஞாபகம் கிடையாது. சீட்டுக்கட்டுக்கு உண்டு.

முதல் வடிவத்தில் 20 ப்ராம்ப்ட், ஒரு இரவுக்கு ஒரு உருட்டு. நண்பன் ஒருவன் விளையாடிவிட்டு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். முதல் இரவு ஃபிலிம் அறுந்தது, அழகாக எழுதியிருந்தான். இடைவேளையில் முறுக்கு விற்கும் பாட்டி டார்ச் பிடிக்க இவன் ஒட்டுப் போடுகிறான். மூன்றாவது இரவு மறுபடி அதே எண் விழுந்து மறுபடி ஃபிலிம் அறுந்தது, இரண்டு வரி. ஆறாவது இரவு, "திரும்பவும் அறுந்தது. போடா." அதோடு நோட்டை மூடிவிட்டான்.

அவனுக்கு ராசியில்லை என்று நினைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது முகப் பகடையை ஆறு தடவை உருட்டினால் ஏதாவது ஓர் எண் இரண்டாம் முறை விழ 56 சதவீத வாய்ப்பு. பாதிக்கு மேல்! இரண்டு ஆறு முகப் பகடைகளை ஒன்றைப் பத்தின் இலக்கமாகவும் மற்றதை ஒன்றின் இலக்கமாகவும் வைத்து 36 ப்ராம்ப்ட் எழுதினாலும், பன்னிரண்டு உருட்டுக்குள் திரும்ப வர 87 சதவீதம். 'வந்ததே வந்தால் மறுபடி உருட்டு' என்று விதி சேர்த்தேன். இதுவரை எது வந்தது என்று ஆடுபவர் தனியே குறித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வந்ததை அடித்துவிடச் சொன்னேன். பிடிஎஃப்பைத் திரையில் படிப்பவர் எதை அடிப்பார்? அச்செடுத்தவருக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கு இன்னொரு பிரதி வேண்டும். ஒரு ஓட்டையை அடைக்க மூன்று விதி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு சந்தேகம், ஒவ்வொரு சந்தேகத்துக்கும் திருத்திய பிடிஎஃப். மூன்று வாரத்தில் நாலு தடவை ஏற்றினேன்.

சீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ப்ராம்ப்ட். எடுத்த சீட்டு மேஜையில் கிடக்கிறது, அது திரும்ப வராது, யாரும் எதையும் குறிக்க வேண்டாம். ஆட்டம் எப்போது முடியும் என்பதையும் கட்டே பார்த்துக்கொள்ளும். முதலில் இரண்டாவது ராஜா வந்தால் கொட்டகை மூடப்படும் என்று வைத்தேன். சராசரியாக 21 சீட்டு, கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவருக்கு நாலாவது சீட்டிலேயே இரண்டு ராஜாவும் வந்து, மைக் செட் கட்டி முடிப்பதற்குள் கொட்டகை காலி. இப்போது இப்படி: ராஜாக்களை வெளியே எடுத்துவிட்டுக் கட்டைக் கலைக்கவும். எட்டு சீட்டோடு ஒரே ஒரு ராஜாவைச் சேர்த்துக் கலைத்துக் கீழே வைத்து, அதன் மேல் இன்னொரு 16 சீட்டு. ராஜா 17-க்கு முன்னால் வராது, 25-ஐத் தாண்டாது. பதினேழாவது சீட்டைத் தொடும்போது கை கொஞ்சம் தயங்கும் பாருங்கள், அதைப் பகடையில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பகடையை வைத்தே இதைச் சமாளித்தவர்கள் இல்லாமல் இல்லை. டிம் ஹட்சிங்ஸின் 'தவுசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்' ஆட்டத்தில் பத்து முகப் பகடையில் விழுந்த எண்ணிலிருந்து ஆறு முகப் பகடையில் விழுந்ததைக் கழித்து, வந்த அளவு ப்ராம்ப்ட் வரிசையில் முன்னேயோ பின்னேயோ நகர வேண்டும். கழித்தால் சராசரி இரண்டு, அதனால் கதை மெல்ல முன்னால்தான் போகும். வந்த இடத்துக்கே திரும்ப வந்தால் அதே எண்ணின் கீழ் அடுத்த ப்ராம்ப்ட் காத்திருக்கும். திரும்ப வருவதையே கதையாக்கிவிட்டார். பிரமாதமான யோசனை, ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு மூன்று எழுத வேண்டும், எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

அதற்காகச் சீட்டு சும்மா வந்துவிடவில்லை. 20 போதும் என்றிருந்த இடத்தில் 48 எழுத வேண்டியிருந்தது. முதல் முப்பது ஓடிவந்தது, கடைசிப் பத்து பல்லைப் பிடுங்குவது போல. கிளாவர் ஒன்பது இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. (இஸ்பேட் வந்தால் கடன் பற்றி, ஆட்டின் என்றால் ரசிகர்கள், டைமன் என்றால் ப்ரொஜெக்டர், கிளாவர் என்றால் ஊர். ஊரைப் பற்றி எழுதத்தான் ஆள் திணறிப்போனேன்.) இன்னொரு நஷ்டம், அச்சு. ஒரு ஏ4 தாளை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் கிடைக்கும், இருபது ப்ராம்ப்ட் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. 48 உட்காரவில்லை.

ஜெங்கா, அதாவது மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவி உருவி ஆடும் வகையும் இருக்கிறது. இரண்டே தடவை ஆடியிருக்கிறேன், இரண்டாவது தடவை மின்விசிறிக் காற்றா என் கையா என்று தெரியாமலே சரிந்தது. பயக் கதைக்கு நன்றாகப் பொருந்துகிறது, அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதேபோல மாதக்கணக்கில் ஆடும் நீண்ட கதைக்குப் பகடைதான் சரி என்று தோன்றுகிறது. 'அயர்ன்ஸ்வார்ன்' போன்ற ஆர்பிஜிகள் பகடையில் ஓடுவதற்குக் காரணம் இருக்கும், அங்கே கட்டு தீர்ந்துபோவதே தொல்லை. அப்படி ஒன்று நான் எழுதிப் பார்த்ததில்லை.

பகிர்வதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இட்ச் தளத்தில் விலையை வாங்குபவர் விருப்பத்துக்கு விடலாம், தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதையும் நாமே வைக்கலாம். தொடாமல் விட்டால் 10. ஒரு வித்தியாசம் சொன்னால், சீட்டுக்கு மாறிய பிறகு திருத்திய பிடிஎஃப் ஒரே தடவைதான் ஏற்றினேன். அதுவும் எழுத்துப்பிழை.

அடுத்து எழுதுவது பஸ்ஸில் ஆடுவதற்கு. அங்கே சீட்டைப் பரப்ப முடியாது, பகடை இருக்கைக்கடியில் உருண்டு ஓடும். டிக்கெட்டின் கடைசி எண்ணை வைத்து ஏதாவது செய்யலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.