பெயர் தெரியாத செடி: கூகுள் லென்ஸா, பிளான்ட்நெட்டா, ஐநேச்சுரலிஸ்டா?

நாம் விதைக்காத செடி ஒன்று தொட்டியில் தலைகாட்டுகிறது. பிடுங்குவதா, விட்டுவைப்பதா? பெயர் தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். படமெடுத்துக் காட்டினால் பெயர் சொல்லும் மூன்று செயலிகளைப் பார்ப்போம்.

வேகத்தில் கூகுள் லென்ஸை அடிக்க ஆளில்லை. இணையத்தில் அதே மாதிரியான படங்களைத் தேடிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே நிறைய பேர் வாங்கி வளர்க்கும் அழகுச் செடிகளுக்கு நன்றாகவே கைகொடுக்கும். தானாக முளைத்த களை என்றால் சறுக்கிவிடும்.

களைக்கு என் கை முதலில் போவது பிளான்ட்நெட்டுக்குத்தான். பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2009இல் தொடங்கிய திட்டம் இது. செயலி 2013இல் வந்தது. நீங்கள் காட்டுவது இலையா, பூவா, காயா, பட்டையா என்று கேட்கும். ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம், அப்படித்தான் கொடுக்கவும் வேண்டும். பதில் மதிப்பெண்ணோடு ஒரு பட்டியலாக வரும். முதல் பெயரைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஓரளவு நம்பலாம். இரண்டும் நெருங்கி நின்றால், எல்லாம் ஒரே பேரினமா, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் ஒரே தொகுதியா என்று பாருங்கள். ஆம் என்றால் பேரினம் வரை எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் திட்டமாகப் பிறந்தது. இங்கே கணினி சொல்வதை மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ‘ஆய்வுத் தரம்’ கிடைக்கும். பதில் வர நாளாகலாம். நட்டு வளர்த்த செடிக்கு அந்தத் தரம் பொதுவாகக் கிடையாது; தானாக முளைத்ததற்கு உண்டு. இன்னொன்று: படத்தோடு உங்கள் வீட்டின் இடமும் பொதுவெளிக்குப் போகும். பதிவிடும்போதே இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்துவிடுங்கள்.

அப்புறம், பழைய வழி ஒன்று இருக்கிறது. இலை எதிரெதிரா, மாறி மாறியா என்று இரண்டிரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொண்டே போகும் அடையாளத் திறவு. பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1778லேயே தாவர நூலில் அதைப் பயன்படுத்தினார். மெதுவான வேலை, பெரும்பாலும் பூவும் வேண்டும். ஆனால் கண்ணைப் பழக்குவதில் இதற்கு ஈடில்லை.

கண்ணும் கையும் பழகியிருப்பது ஏன் முக்கியம் என்பதற்குப் பருப்புக்கீரையும் சித்திரப்பாலாடையும் போதும். இரண்டும் தரையோடு படரும், தண்டு சிவந்திருக்கும், இலை சிறிது. மேலிருந்து எடுத்த படத்தில் குழம்பிவிடும். முதலாவது உண்ணக்கூடியது, இலை தடித்துச் சதைப்பற்றோடு இருக்கும், ஒடித்தால் தண்ணீர் போன்ற சாறுதான் வரும். இரண்டாவதன் இலை மெல்லியது, கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலையும் கண்ணையும் உறுத்தும். பால் வருகிறதா என்று எந்தச் செயலியும் கிள்ளிப் பார்க்காது. எனவே சாப்பிடுவதற்காகப் பெயர் தேடுகிறவர்கள், செயலி எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், செடியை நேரில் பார்த்து அறிந்தவர் சொல்லாமல் வாயில் வைக்கவே கூடாது.

விதையிலையோடு (முளைக்கும்போது முதலில் விரியும் இலை) நிற்கும் நாற்றைப் படமெடுத்து அலைவது வீண். விதையிலைக்கும் பின்னால் வரும் இலைக்கும் பெரும்பாலும் சாயலே இருக்காது. நான் ஒரே ஒரு செடியைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு, மற்றவற்றைப் பிடுங்கிவிடுவேன். பூத்த அன்று பூ, இலையின் இருபுறம், தண்டு என நான்கு படம்.