மதர்போர்டு மாற்றிய பிறகு: விண்டோஸ், டெபியன், க்ரப்

விண்டோஸும் டெபியன் என்கிற லினக்ஸும் சேர்ந்து இருக்கும் என் லேப்டாப்பின் மதர்போர்டு போன மாதம் போய்விட்டது. மாற்றிக் கொடுத்தவர், "டேட்டா அப்படியே இருக்கு சார், ஆனா ஏதோ நம்பர் கேக்குது" என்றார். வீட்டில் திறந்தால் நீலத் திரையில், விண்டோஸ் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் நிற்கிறது. விண்டோஸைத் தானாகத் திறந்துவந்த சாவி பழைய போர்டில் சாவி காத்துவந்த டிபிஎம் சிப்போடு போய்விட்டதே! நல்லவேளை, 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு பழைய டைரியின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தேன். ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டம். மனைவி வாசிக்க, நான் அடித்தேன்.

டெபியனோ பூட் பட்டியலிலேயே இல்லை. பதறிப்போய், அப்புறம்தான் உறைத்தது: பூட் பட்டியல் இருப்பது போர்டில், டிஸ்கில் இல்லை. பயாஸுக்குள் போய் டெபியனின் பூட் கோப்பைக் கையால் சேர்த்தேன். வழக்கமான கடவுச்சொல்லை அடித்ததும், எதுவுமே நடக்காததுபோல் லினக்ஸ் பக்கத்து டிஸ்க் பூட்டான லக்ஸ் திறந்துகொண்டது. அன்றைக்கு அதைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

இதைக் கேட்ட நண்பன் தன் லேப்டாப்பிலும் லினக்ஸை இப்படியே முழுசாகப் பூட்டிவைக்க வேண்டும் என்கிறான். வேண்டாம் என்றேன்.

காரணம் க்ரப், அதாவது லினக்ஸை எழுப்பிவிடும் சிறு நிரல். நிறுவியபோது ஆசைப்பட்டு, லினக்ஸ் எழத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் கோப்புறையையும் குறியாக்கத்துக்குள் வைத்துவிட்டேன். அதனால் லினக்ஸ் எழும் முன்பே க்ரப் கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒரு நட்சத்திரம்கூட வராது. அடித்ததைப் பல லட்சம் தடவை கணக்குப் போட்டு அரைத்த பிறகுதான் சரியா தப்பா என்று சொல்லும். க்ரப் அரைப்பது ஆட்டுக்கல் வேகம். என் லேப்டாப்பில் 22 வினாடி. ஒரு எழுத்து பிசகினால் கட்டளைக்குக் காத்திருக்கும் மீட்பு வரியில் கொண்டுபோய்த் தள்ளிவிடும், மறுபடி முதலிலிருந்து. பூட் கோப்புறையைக் குறியாக்காமல் விட்டிருந்தால் லினக்ஸே கடவுச்சொல் கேட்டிருக்கும், மூன்று வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

அந்த 22 வினாடியில் பாதிப் பழி எனக்குத்தான். புதுக் கடவுச்சொல் சேர்த்தபோது பழையதை நீக்கவில்லை. லக்ஸின் கடவுச்சொல் வரிசையில் புதியது இரண்டாம் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. க்ரப் முதலாவதை முழுசாக அரைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு வரும். ஒன்றரை வருடம் கழித்து இது புரிந்தது. பழையதை நீக்கியதும் 11 வினாடி. இப்போதும் தினமும் காலையில் திட்டிக்கொண்டேதான் அடிக்கிறேன்.

"புது எஸ்எஸ்டி வாங்கினா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

"பூட் கோப்புறையையும் பூட்டித்தான் வைப்பேன்."

"அப்போ எனக்கு மட்டும் ஏன் வேண்டாங்கிற?"

"நீ டைப் அடிக்கிற லட்சணத்தை நான் பார்த்திருக்கேன்டா."