புழுக்கமா, வறண்ட வெயிலா: தனி ஆளாக வாடகைக்குப் போகும் முன்

குளிரான ஊரிலிருந்து வெப்பமான ஊருக்கு மாற நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பகல்நேர அதிகபட்ச வெப்பநிலையைத்தான். கடலோர நகரத்தில் 32 டிகிரி, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வறண்ட நகரத்தில் 40 டிகிரி என்றால், 32தான் இதம் என்று மனசு உடனே சொல்லிவிடும். எனக்கு இரண்டு பக்கமும் வேலைக்கு வாய்ப்பு இருந்தது. நான் 40 டிகிரி ஊருக்குத்தான் வந்தேன், அதுவும் கடலோரத்தில் சில வாரங்கள் தங்கிப் பார்த்துவிட்டு. அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வாடகை, சம்பளம், அலுவலகத்துக்குப் போய்வரும் தூரம் எல்லாம் எல்லோரும் பார்ப்பவை, ஊருக்கு ஊர் மாறுபவை. அவற்றில் ஏதாவது ஒன்று ஒரு பக்கம் பெரிதாகச் சாய்ந்தால் வெயிலைப் பற்றி யோசிக்காமல் அங்கே போய்விடலாம். இரண்டும் ஏறத்தாழ சமம் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

பகலை முதலில் முடித்துவிடுவோம். வியர்வை காய்வதால்தான் உடம்பின் சூடு தணிகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, வழிந்து சட்டையைத்தான் நனைக்கும். அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டுக் கணக்குப்படி, 32 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் நிழலிலேயே ஏறத்தாழ 42 டிகிரி போல உறைக்கும். 40 டிகிரியில் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் 38 போலத்தான் தோன்றும். இதெல்லாம் நிழலுக்கான கணக்கு. வறண்ட ஊரில் மதிய வெயிலில் நடப்பது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகிற தனி ஆள் அந்த நேரத்தில் பெரும்பாலும் அலுவலகத்துக்குள், கம்பெனி செலவில் ஓடும் ஏசியில் இருப்பார். சொந்தச் செலவில் சமாளிக்க வேண்டியது ராத்திரியைத்தான்.

என் முடிவு முழுக்க இந்த ராத்திரியை வைத்து எடுத்ததுதான். பகலில் சூடேறிய நிலம் இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விடுகிறது. காற்றில் இருக்கும் நீராவி அதைப் பிடித்துத் திரும்பக் கீழே அனுப்பும். கடலோரத்தில் நீராவி அதிகம், அதனால் இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்காது. சிங்கப்பூர் இதற்கு நல்ல உதாரணம்: பகலில் 31, 32, இரவில் 24, 25, கிட்டத்தட்ட வருஷம் முழுக்க இதே கதை. 25 டிகிரி நல்ல எண்ணாகத்தான் தெரியும். ஆனால் விடிகாலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்தால் வருவதும் அதே ஈரக்காற்று. ஆக ஏசியைப் போடாமல் தூங்க முடியாது. வறண்ட ஊரில் மேகமில்லாத இரவில் வெப்பம் பகலைவிட 15 டிகிரி வரைகூடக் குறையும். கோடையின் உச்சத்தை விட்டுவிட்டால், நடுராத்திரிக்கு மேல் ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டால் போதும்.

தனி ஆளுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஏசி அறையைக் குளிர்விக்கிறது, ஆளை அல்ல. ஒருவர் படுத்தாலும் மூன்று பேர் படுத்தாலும் கரண்ட் பில் ஏறத்தாழ ஒன்றுதான். மூன்று பேர் பங்கு போட்டால் தெரியாத தொகை, ஒருவர் தலையில் விழும்போது வாடகையில் ஒரு துண்டு போல நிற்கும். வீடும் நம்முடையதில்லை. மாடிக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கவோ, ஜன்னலுக்கு வெளியே நிழல்தட்டி போடவோ வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தாலும் அடுத்த வருஷம் காலி செய்யப்போகிற வீட்டுக்கு யார் செலவழிப்பார்கள்? அதனால் வாடகைக்கு இருப்பவர் கையில் இருப்பது சுவரை மாற்றும் வழி இல்லை, தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாதனம் மட்டும்தான்.

ஏர் கூலர் வறண்ட ஊரில் மட்டும்தான் வேலை செய்கிறது. ஈரத் தட்டிகள் வழியாகக் காற்றை இழுத்து, தண்ணீர் ஆவியாவதால் குளிர்விக்கும் இயந்திரம் அது. 40 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை நல்ல கூலர் 25 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்துவிடும். 32 டிகிரி, 75 சதவீதக் காற்றைக் கொடுத்தால் 29க்குக் கீழே இறங்காது, கூடவே அறையை இன்னும் புழுக்கமாக்கும். ஒரு அறைக்கான கூலர் 200 வாட்டுக்குள் ஓடிவிடும். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது 1,500 வாட் அளவுக்கு இழுக்கும். சுவரில் ஓட்டை போட வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம். ஒரே நிபந்தனை, ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் கூலரை ஓட்டிவிட்டு "வேஸ்ட்" என்று சொல்பவர்கள் நிறைய. அப்புறம் தண்ணீர்: தினமும் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீர் என்றால் தட்டிகளில் வெள்ளையாகப் படியும், அவ்வப்போது கழுவ வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடலோரத்தில் பராமரிப்புத் தொல்லை வேறு. தனி ஆள் வீடு பகல் முழுக்கப் பூட்டியே கிடக்கும், ஜன்னலைத் திறந்துவைக்க ஆள் இல்லை. உள்ளே ஈரப்பதம் நீண்ட நேரம் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நான் தங்கியிருந்த அந்தக் கொஞ்ச நாளிலேயே தோல் செருப்பு, பெல்ட் எல்லாம் சாம்பல் பூத்துவிட்டன. அலமாரியின் பின்பக்கச் சுவர் கறுத்திருந்தது, அதற்கு முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். ஈரம் ஏறியது என் தவறா, சுவரின் தவறா என்று யார் நிரூபிப்பது? கடலுக்கு மிக அருகில் என்றால் உப்புக்காற்று ஏசியின் வெளிப்பெட்டி, சைக்கிள் சங்கிலி, ஜன்னல் கீல் என்று எதையும் விடாது. கடலை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் உப்பு வெகுவாகக் குறையும். புழுக்கம் அப்படிக் குறையாது, கடற்காற்றும் வலுவிழந்துவிடும்.

இப்போது என் கட்சிக்கு எதிரான விஷயம். வறண்ட ஊர் என்றாலே இரவு குளிரும் என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவின் பீனிக்ஸ் பாலைவன நகரம். 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. இரவிலும் 32க்குக் கீழே இறங்காத நாட்கள் வரிசையாக வந்தன. பகலில் தின்ற சூட்டை தாரும் கான்கிரீட்டும் விடியும்வரை கக்கிக்கொண்டிருப்பதுதான் இதில் பெரும் பங்கு. அதனால் ஊரைத் தேர்வு செய்யும்போது அதிகபட்சத்தை விட்டுவிட்டு, வெப்பம் உச்சத்தில் இருக்கும் மாதத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பாருங்கள். அது 28ஐத் தாண்டினால் நான் மேலே சொன்ன இரவுக் கணக்கு ஆட்டம் காண ஆரம்பிக்கும். கூடவே பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, என்று வானிலைத் தளங்கள் கொடுக்கும் எண்ணையும் பாருங்கள்: 16க்குக் கீழே இருந்தால் சுகம், 21க்கு மேல் பிசுபிசுப்பு, 24க்கு மேல் தூக்கம் போச்சு.

வீடு பார்க்கப் போவதும் சாயங்காலம்தான், எந்த ஊராக இருந்தாலும் சரி. காலையில் எல்லா வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். கூரையும் மேற்குச் சுவரும் உறிஞ்சிய சூடு உள்ளே வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். இருட்டிய பிறகு போய் அந்தச் சுவரில் கையை வைத்துப் பார்த்தால் ஏசி எவ்வளவு ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். உச்சி மாடி வீடு வாடகை குறைவு என்று ஆசைப்படுபவர்கள் இதை இரண்டு முறை பார்க்கவும்.

வறண்ட ஊரின் குறைகளை ஒளிக்கவில்லை. உதடு வெடிக்கும், மூக்குக்குள் காய்ந்து சில நாள் இரத்தம்கூட வரும். துடைத்த மேசையில் மாலைக்குள் தூசி. வியர்ப்பதே தெரியாமல் காய்ந்துவிடுவதால் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கப் பழக வேண்டும். 40 டிகிரிக்கு மேல் போனால் வெறும் மின்விசிறி அனல்காற்றைத்தான் மேலே வீசும். குளிர்காலத்தில் இரவு நன்றாகவே நடுங்கும். குளிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் கம்பளியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். புது ஊர் வெயில் உடம்புக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை வெளியில் ஓடியாட வேண்டாம். நான் இங்கே கழித்தது ஒரே ஒரு கோடை. அடுத்த கோடை இதைவிட மோசமாக இருந்தால் என் பேச்சும் கொஞ்சம் மாறலாம். கடலோரத்தில் புயல் காலத்தை நான் பார்த்ததே இல்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடலோரம் யாருக்குச் சரி? பகலில் வேலை செய்வதும் வீட்டிலேயே, ஏசி எப்படியும் ஓடத்தான் போகிறது என்பவருக்கு இரண்டு ஊருக்கும் வித்தியாசம் அவ்வளவு இருக்காது. சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்குவதற்காகவே ஊர் மாறுகிறவரிடம் கூலர் கணக்கெல்லாம் பேசிப் பயனில்லை. குளிர் துளிகூட ஆகாது என்பவருக்கும் அதுதான் இடம். கரண்ட் பில்லும் சேர்த்தே வாடகை என்ற வீடு அங்கே கிடைத்திருந்தால் நானும் அந்தப் பக்கம் போயிருப்பேன், செருப்பு பூத்தாலும் பரவாயில்லை என்று.