தரவுத்தளப் பதிவுகளை எக்ஸ்எம்எல் வடிவில் வழங்க: போஸ்ட்கிரெஸ், பிஎச்பி, கொக்கூன் ஓர் ஒப்பீடு

தரவுத்தளத்தில் உள்ள பதிவுகளைப் பிற நிரல்கள் படித்துக்கொள்ளும்படி எக்ஸ்எம்எல் வடிவில், அதாவது ஒவ்வொரு தரவையும் குறிச்சொற்களுக்குள் வைத்து, வழங்க வேண்டுமென்றால், குறிச்சொற்களைப் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளமே எழுதலாம். இடையில் பிஎச்பி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதலாம். அல்லது கொக்கூன் போல அதற்கென்றே உருவான சட்டகம் ஒன்றிடம் அந்த வேலையை ஒப்படைக்கலாம். மூன்றையும் நிறுவுவது எளிதுதான். பதிவுகள் பெருகும்போதும் அட்டவணையின் அமைப்பு மாறும்போதும்தான் அவற்றின் வேறுபாடு தெரியவருகிறது.

போஸ்ட்கிரெஸில் 2008இல் வந்த 8.3 பதிப்பு முதலே இதற்கான செயற்கூறுகள் உள்ளன. மூல நிரலிலிருந்து தொகுப்பவர்கள் எக்ஸ்எம்எல்லைக் கையாளும் நிரலகமான லிப்எக்ஸ்எம்எல்லின் ஆதரவைச் சேர்த்துத் தொகுக்க மறக்கக் கூடாது. அதன்பின் ‘குவெரி_டு_எக்ஸ்எம்எல்’ என்ற செயற்கூற்றிடம் வினவலைக் கொடுத்தால், ஒவ்வொரு பதிவும் தனி உறுப்பாக வந்துவிடும். அதன் இரண்டாவது அளவுரு சிறியது என்றாலும் முக்கியமானது: அதைப் பொய் என வைத்தால் மதிப்பில்லாத புலங்கள் வெளியீட்டிலிருந்தே மறைந்துவிடும், மெய் என வைத்தால் வெற்று என்ற குறிப்போடு அவை வந்து நிற்கும். பெறுபவர் எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டே இதை முடிவு செய்ய வேண்டும். குறைகளும் இல்லாமல் இல்லை. முழு வெளியீடும் ஒரே மதிப்பாக நினைவகத்தில் உருவாகிறது. அந்த மதிப்பு 1 ஜிபியைத் தாண்ட முடியாது. நெடுவரிசையின் பெயரே உறுப்பின் பெயராவதால், யாரேனும் நெடுவரிசையின் பெயரை மாற்றினால் பெறுபவரின் நிரல் உடைந்துவிடும். ஆகவே அட்டவணையை நேரடியாகக் காட்டாமல் ஒரு வியூவை (சேமித்துவைத்த வினவலால் ஆன மெய்நிகர் அட்டவணையை) நடுவில் வைப்பதே பாதுகாப்பு.

பெரிய தொகுப்புகளுக்கு நான் தேர்ந்தெடுப்பது பிஎச்பியில் எக்ஸ்எம்எல் எழுதப் பயன்படும் எக்ஸ்எம்எல்ரைட்டர். பிஎச்பியின் மற்றொரு வழியான டாம் முறை, ஆவணத்தின் உறுப்புகள் அடங்கிய முழு மரத்தையும் நினைவகத்தில் கட்டுகிறது. எக்ஸ்எம்எல்ரைட்டரோ எழுதியதை அவ்வப்போது வெளியே அனுப்பிவிட்டு அடுத்த பதிவுக்குச் செல்கிறது. ஆனால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் பிஎச்பியின் இணைப்பு இடைமுகமான பிடிஓ வழியாக இணைபவர்கள் இத்துடன் நிறைவடைந்துவிட முடியாது: இயல்பு நிலையில் வினவலின் முழு விடையும் பிஎச்பியின் நினைவகத்துக்கு வந்துவிடும் என்பதால், இப்படி முழுதாகச் சேர்த்துவைக்கும் பஃபரிங்கை நிறுத்தினால்தான் மேற்சொன்ன பயன் கிடைக்கும். அப்படி நிறுத்தியபின், விடை முழுவதையும் படித்து முடிக்கும்வரை அதே இணைப்பில் வேறு வினவல் அனுப்ப முடியாது.

என் வேலையில் இந்த வழியில் இரண்டு இடங்களில் தடுமாறியிருக்கிறேன். இணைப்பின் எழுத்துக்குறியீட்டை யூடிஎஃப்8எம்பி4 (யூடிஎஃப்-8க்கு மைஎஸ்கியூஎல் தரும் பெயர்) எனக் குறிப்பிடாமல் விட்டதால், யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளாக இருக்கும் ‘த’ என்ற ஓர் எழுத்து மூன்று அந்நியக் குறிகளாகச் சிதறி வெளிவந்தது. மற்றொரு முறை, நிரலுடன் இணைக்கப்பட்ட கோப்பு ஒன்றில் பிஎச்பியின் தொடக்கக் குறிக்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தது. எக்ஸ்எம்எல் அறிவிப்பு ஆவணத்தின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும் என்பதால், அந்த ஒரு வரிக்காகவே பாகுபடுத்தி (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரல்) முழு ஆவணத்தையும் நிராகரித்தது. பிழைச் செய்திகளைத் திரையில் காட்டும் அமைப்பை அணைத்துப் பதிவுக்கோப்புக்குத் திருப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

அப்பாச்சி கொக்கூனில் நிரல் எழுதாமலே, தளவரைபடக் கோப்பில் உருவாக்கி, மாற்றி, வெளியிடுவான் என்று அடுத்தடுத்து இயங்கும் பகுதிகளால் ஆன குழாய்வழியை அமைத்துவிடலாம். எஸ்கியூஎல் மாற்றி வினவலைப் பதிவுகளாக மாற்றித் தரும். வடிவமைப்பில் அழகானது. எனினும் ஜாவா சூழலையும் உடன் நிறுவிப் பராமரிக்க வேண்டியிருப்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் தாவல், வரி முறிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, குறியெண் 32க்குக் கீழான கட்டுப்பாட்டு எழுத்துகளை எக்ஸ்எம்எல் 1.0 ஏற்பதில்லை. ஒட்டி நகலெடுத்த உரைகளில் இவை ஒளிந்திருக்கும். வினவலிலேயே வடிகட்டிவிடுவது நல்லது. வெளியீட்டைக் கோப்பாக எழுதி வழங்குபவர்கள் தற்காலிகப் பெயரில் எழுதி, எக்ஸ்எம்எல்லின்ட் என்ற சரிபார்ப்புக் கருவி கொண்டு சரிபார்த்து, பிறகே உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் பாதி எழுதிய கோப்பு யாருக்கும் போய்ச் சேராது.