ஜெபர்டி தேர்வு: எழுதலாம், ஆனால் பஸ்ஸர் பழகிவிட்டு

அமெரிக்காவின் ஜெபர்டி விநாடி வினாவுக்கு முதல் படி, இணையத்தில் எழுதும் 'எனிடைம் டெஸ்ட்'. கட்டணம் இல்லை. 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. நிகழ்ச்சியில் சொல்வதுபோலப் பதிலைக் கேள்வி வடிவில் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, எழுத்துப்பிழையையும் பெரிதுபடுத்துவதில்லை. தெரியாவிட்டாலும் ஊகித்து எழுதிவிடுங்கள். மதிப்பெண்ணைச் சொல்லவே மாட்டார்கள், அதுதான் பெரிய குறை.

அரங்கில் ஆளைக் கவிழ்ப்பது பஸ்ஸர், அதாவது பதில் சொல்ல அழுத்தும் பொத்தான். தொகுப்பாளர் கேள்வியைப் படித்து முடித்ததும் கேள்விப் பலகையோர விளக்குகள் எரியும். அதற்கு முன்பே அழுத்தினால் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். பக்கத்து ஆள் முந்திவிடுவார். வீட்டில் நின்றபடியே நிகழ்ச்சியைப் பார்த்து, பேனாவின் தலையைக் கட்டைவிரலால் டக்டக்கென்று அழுத்திப் பழகுங்கள். ஒரே அழுத்தோடு நிறுத்தவே கூடாது.

படப்பிடிப்புக்கான பயணச் செலவு போட்டியாளருடையது. மூன்றாமிடத்துக்குத் தரும் 2,000 டாலர் அதற்கே சரியாகிவிடும்.