வயசான நாய்க்கு வீட்டிலேயே விடை: இந்தச் சேவை எப்படி?

வீட்டுக்கே வந்து கருணைக்கொலை செய்யும் கால்நடை டாக்டரைக் கூப்பிடலாமா? தாராளமாக. ஸ்டீல் மேசை, ஃபினாயில் வாடை எதுவும் இல்லாமல், பழகிய பாயிலேயே நாய் கண்ணயரும்.

ஆனால் எந்த முறையில் செய்வார் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். முதலில் தசையில் மயக்க ஊசி. 10-15 நிமிடத்தில் தலை தொங்கும். பிறகு முன்னங்காலில் முடியை மழித்து, ரத்த நாளத்தில் கேனுலா என்ற மெல்லிய குழாயை ஏற்றி, சலைன் விட்டுப் பார்த்துத்தான் கடைசி மருந்து. "ஒரே ஊசி போதும்" என்பவர் வேண்டாம். கிழட்டு நாய்க்கு ரத்த நாளம் லேசில் சிக்காது. நேரடியாகக் குத்தினால் மருந்து வெளியே கசிந்து எரியும்.

கண் திறந்தபடியே இருக்கும். ஓரிரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் கழியும்; வலியல்ல, வெறும் அனிச்சை. அடியில் ரப்பர் ஷீட்டும் பழைய துண்டும் போட்டு வையுங்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயம் நின்றதை உறுதி செய்யாமல் டாக்டரை அனுப்பாதீர்கள்.

பெரிய குறை ஒன்று: உடலை எடுத்துப் போவது கட்டணத்தில் சேருமா என்பதைப் பலர் வாய்திறந்து சொல்வதில்லை. புதைப்பதானால் நல்ல ஆழமாக, 4 அடியாவது தோண்டுங்கள். கடைசியாகப் போடும் பார்பிட்யூரேட் வகை மருந்து உடலில் தங்கும். கிளறித் தின்னும் தெருநாய்க்கும் ஆபத்து.